திரையில் ஓடும் வைத்தியம்

தாராபுரத்திலிருந்து பனியன் கம்பெனிகளுக்கும் நூல் மில்களுக்கும் ஆள் ஏற்றிப் போகும் வண்டிகள் காலையில் கிளம்பிய பிறகு, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் தொலைக்காட்சியைப் போடுகிறார்கள். ராசிபலன் முடிந்ததும் மருத்துவ நிகழ்ச்சி. ஒரு தொகுப்பாளர், வெள்ளைக் கோட்டுடன் ஒருவர், மேசையில் அடுக்கிய டப்பாக்கள், திரையின் அடியில் ஓடும் கைபேசி எண். மூட்டுத் தேய்மானம், சுகர், மூலம், ஆண்மைக் குறைவு என்று நோய்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டப்பா இருக்கும். நடுவில் ஒருவர் தோன்றி, நடக்கவே முடியாமல் கிடந்தேன், இதைச் சாப்பிட்டுச் சில வாரங்களில் மாடிப்படி ஏறினேன் என்பார். இரவு வேலை முடிந்து வண்டியை விட்டு இறங்கி வரும் பிள்ளைகளிடம் அப்பாவோ அம்மாவோ அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் குறித்து நீட்டுவார்கள்.

இந்த விளம்பரங்கள் எரிச்சலூட்டுகின்றன என்று சொல்லாத வீடு இல்லை. ஆனாலும் எரிச்சல் ஒரு பக்கம் இருக்க, ஆர்டர் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் யாரும் காசு கொடுத்து அந்த நேரத்தை வாங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அமெரிக்கர்களுக்கும் மருந்து விளம்பரம் என்றால் எரிச்சல்தான். அங்கே வருவது வேறு வகை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வாங்கக்கூடிய மருந்துகளை நிறுவனங்கள் நேரடியாக நோயாளியிடம் விளம்பரம் செய்கின்றன. சிரித்தபடி பேரப்பிள்ளையோடு விளையாடும் தாத்தாவைக் காட்டி, பின்னணியில் வேகமான குரலில் பக்கவிளைவுகளை வாசித்து, உங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள் என்று முடிப்பார்கள். உலகில் இதை முழுமையாக அனுமதிக்கும் நாடுகள் இரண்டே: அமெரிக்காவும் நியூசிலாந்தும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் தொலைக்காட்சிக்கான விதியைத் தளர்த்தியது. முக்கியமான ஆபத்துகளை மட்டும் சொல்லிவிட்டு, முழு விவரத்தை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் போதும் என்றானது. அந்த ஆண்டு 130 கோடி டாலராக இருந்த இத்தகைய விளம்பரச் செலவு 2016இல் 600 கோடி டாலரைத் தொட்டது.

அந்தப் பணம் என்ன செய்தது என்பதற்கு வையாக்ஸ் கதையைப் பார்த்தாலே போதும். ரோஃபிகாக்சிப் என்ற வலி மாத்திரையின் வணிகப் பெயர் அது. மெர்க் நிறுவனம் 1999இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டில் மட்டும் அதன் விளம்பரத்துக்குச் சுமார் 16 கோடி டாலர் செலவிட்டது. பெப்சிக்கு அந்த ஆண்டு ஆன விளம்பரச் செலவைவிட அது அதிகம். 1976 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பனிச்சறுக்கு வீராங்கனை டோரதி ஹாமில் திரையில் வந்து, மூட்டு வலி போய் மீண்டும் சறுக்க முடிகிறது என்றார்.

மாத்திரை வலியைக் குறைத்தது உண்மை. அது எப்படி வேலை செய்தது என்பதில்தான் ஆபத்தும் இருந்தது. உடலில் அடிபட்ட இடத்திலும் தேய்ந்த மூட்டிலும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள் உருவாகி வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. அவற்றை உருவாக்கும் நொதிக்குச் சுருக்கப் பெயர் காக்ஸ். அதில் இரண்டு வகை. முதல் வகை, வயிற்றின் உட்சுவரைக் காக்கும் வேலையையும் செய்கிறது. சாதாரண வலி மாத்திரைகள் அதையும் சேர்த்துத் தடுப்பதால்தான் வயிற்றுப் புண் வருகிறது. இரண்டாம் வகையை மட்டும் தடுத்தால் வலி போகும், வயிறு தப்பும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது வையாக்ஸ். ஆனால் ரத்தக் குழாயை விரித்து, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு பொருளும் அந்த இரண்டாம் வகை நொதியால்தான் உருவாகிறது. அது குறைந்தது, ரத்தத்தை உறைய வைக்கும் பொருளோ குறையாமல் அப்படியே இருந்தது. 18 மாதங்களுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கானது ஓர் ஆய்வில் தெரிந்ததும், 2004 செப்டம்பர் 30 அன்று நிறுவனமே மருந்தைத் திரும்பப் பெற்றது. அதற்குள் அமெரிக்காவில் சுமார் 2 கோடிப் பேர் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவும் ரோஃபிகாக்சிப்பைத் தடை செய்தது.

வயிறு கெட்டுப்போகும் அபாயம் அதிகம் உள்ள ஒரு சிலருக்காக யோசித்துச் செய்த மருந்து அது. சாதாரண மாத்திரையே போதுமான லட்சக்கணக்கானவர்களிடம் அதைக் கொண்டு சேர்த்ததில் விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

மருத்துவர்தானே எழுதித் தர வேண்டும், விளம்பரம் பார்த்து நோயாளி கேட்டால் அவர் மறுத்துவிட மாட்டாரா என்ற கேள்வி எழும். இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வந்தது. ரிச்சர்ட் கிராவிட்ஸ் குழுவினர் நடிகைகளுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளைப் போல 152 மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். மொத்தம் 298 சந்திப்புகள். ஒரு பகுதியினர் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களாகவும், மறு பகுதியினர் வேலை இழப்பு போன்ற நெருக்கடியால் தற்காலிகமாக மனம் தளர்ந்தவர்களாகவும் நடித்தார்கள். இரண்டாம் பகுதியினருக்கு மாத்திரை தேவையா என்பதே ஐயம்தான். அவர்களில் எதுவும் கேட்காதவர்களில் 10 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதப்பட்டது. தொலைக்காட்சியில் பார்த்தேன் என்று ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு எழுதப்பட்டது. படித்த, அனுபவமுள்ள மருத்துவர்களின் பேனாவையே ஒரு விளம்பரம் இவ்வளவு நகர்த்துகிறது. அதே ஆய்வில் மறுபக்கமும் உண்டு: கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களாக நடித்தவர்கள் வாய்விட்டுக் கேட்டபோதுதான் அவர்களுக்குத் தேவையான சிகிச்சை கூடுதலாகக் கிடைத்தது. நோயாளி கேள்வி கேட்பது நல்லது. அந்தக் கேள்வியை விற்பனை நிறுவனம் எழுதிக் கொடுப்பதுதான் கெடுதல்.

அமெரிக்க மருத்துவக் கழகம் 2015இல் இத்தகைய விளம்பரங்களுக்குத் தடை கேட்டது. 2025 செப்டம்பரில் அந்நாட்டு அதிபர், விதிகளை இறுக்கச் சொல்லி உத்தரவிட்டார். மருந்து நிர்வாகம் ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது.

இந்தியாவில் அந்தக் கதவு மூடியே இருக்கிறது. மருந்து விதிகளின் எச், எச்1, எக்ஸ் அட்டவணைகளில் உள்ளவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் விளம்பரமும் செய்யக் கூடாது. நிறுவனங்கள் இப்போது மருந்தின் பெயரைச் சொல்லாமல் நோயின் பெயரை மட்டும் சொல்லும் வழியைப் பிடித்திருக்கின்றன. அக்கி பற்றி அமிதாப் பச்சன் பேசிய விளம்பரம் அந்த வகை. அதற்குத் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனமே அதை வெளியிட்டது. இதில் நல்ல தகவலும் இருக்கக்கூடும் என்பதால் ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பணம் கொடுத்தது யார் என்பதைப் பார்க்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

சீட்டு மருந்துக்குக் கதவை மூடிய நாட்டில், சீட்டே தேவைப்படாத, ஆய்வே நடக்காத வைத்தியம் அகலமாகத் திறந்த இன்னொரு கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது. அதையும் மூடுவதற்கான சட்டம் எழுபது ஆண்டுகளுக்கும் முன்பே வந்தது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் அது. அதன் அட்டவணையில் 54 நோய்கள், குறைபாடுகள். நீரிழிவு, புற்றுநோய், ரத்த அழுத்தம், உடல் பருமன், வாதம், பக்கவாதம், கண்புரை, ஆண்மைக் குறைவு, பெண்களின் மலட்டுத்தன்மை, ஆளின் உயரம் உட்பட எல்லாம் அதில் உண்டு. இவற்றைக் கண்டறியவோ, தணிக்கவோ, தடுக்கவோ, குணப்படுத்தவோ ஒரு மருந்து உதவும் என்று விளம்பரம் செய்தாலே குற்றம். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்ற வாதத்துக்கே இடமில்லை. முதல் முறை ஆறு மாதம் வரை சிறை. மறுமுறை ஓராண்டு வரை. சித்த மருத்துவம், ஆயுர்வேதம், அலோபதி என்ற வேறுபாடும் கிடையாது. ஹம்தர்த் தவாகானா என்ற மருந்து நிறுவனம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டு, மற்றவற்றை ஏற்றுக்கொண்டது. தானே மருந்து தின்று கெட்டுப்போவதிலிருந்து மக்களைக் காப்பது சட்டத்தின் நோக்கம் என்று அப்போதே ஏற்கப்பட்டுவிட்டது.

அந்த அட்டவணையையும் காலை நேரத் தொலைக்காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தெந்த நோய்க்கு விளம்பரம் கூடாது என்று சட்டம் சொல்கிறதோ அவற்றுக்கான மருந்துகளே அதிகம் விற்கப்படுவது தெரியும்.

ஏன் அவை நம்பப்படுகின்றன? மாடிப்படி ஏறிய அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் சொல்வது மருந்துக்குச் சான்று ஆகாது. மூட்டுத் தேய்மான வலி நாளுக்கு நாள் ஏறி இறங்கும் இயல்பு உள்ளது. மனிதர் மருந்து தேடுவது வலி உச்சத்தில் இருக்கும் நாளில். உச்சத்துக்குப் பின் அது இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கத்தின்போது எதைச் சாப்பிட்டிருந்தாலும், குணப்படுத்திய பெயர் அதற்குப் போய்விடும். புள்ளியியலார் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்கிறார்கள். பெட்டிக்கடையில் வாங்கிய தைலம், கோயில் விபூதி, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய டப்பா, மூன்றுக்கும் இதே வெற்றி கிடைக்கும்.

இதற்கு மேல் நம்பிக்கையின் வலிமை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு மருத்துவர் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார். இரண்டு குழுவினருக்கு நுண்துளை வழியாக உண்மையான அறுவைச் சிகிச்சை. மூன்றாம் குழுவினருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டார்கள். மூட்டுக்குள் எதுவும் செய்யவில்லை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், வலியிலும் நடையிலும் உண்மையான அறுவை பெற்றவர்கள் வெறும் தையல் பெற்றவர்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. 2002இல் இந்த முடிவு வெளியானது. அந்த மூன்றாம் குழுவில் ஒருவரைக் கூப்பிட்டுத் திரையில் நிறுத்தியிருந்தால், அறுவை செய்த பிறகு நன்றாக இருக்கிறேன் என்று மனதாரச் சொல்லியிருப்பார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இல்லாத சாட்சியம் எதையும் நிறுவாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

சர்க்கரை நோயில் இந்தக் குழப்பம் இன்னும் எளிதில் வரும். வெறும் வயிற்றில் ஒருநாள் எடுத்த சர்க்கரை அளவு, முந்தின இரவுச் சாப்பாடு, தூக்கம், காய்ச்சல் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். புது மருந்து தொடங்கியவர் அந்த வாரம் இனிப்பையும் சோற்றையும் குறைத்திருப்பார், காலையில் நடந்திருப்பார். எண் இறங்கும், டப்பாவுக்குப் பெயர் கிடைக்கும். இதனால்தான் மருத்துவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைக் கேட்கிறார்கள். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரை, இடைப்பட்ட நாட்களின் கணக்கை வைத்திருக்கும். பதினைந்து நாளில் குணம் என்ற வாக்குறுதி அந்தப் பரிசோதனையின் முன் நிற்காது. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் இன்சுலின் மட்டுமே உயிரைக் காக்கும் முதல் வகை நோயாளிகளும் உண்டு. திரையைப் பார்த்து இன்சுலினை நிறுத்தும் பிள்ளைக்கு, ரத்தத்தில் அமிலம் ஏறி, சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம்.

இன்னொரு வகை ஆபத்தும் இருக்கிறது. மூலிகைப் பொடி என்று விற்கப்படும் சில வலி மருந்துகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டுபிடித்திருக்கின்றன. ஸ்டீராய்டு விழுங்கினால் ஓரிரு நாளில் வலி பறந்துவிடும். பசியெடுக்கும், முகம் உப்பும், உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும். உள்ளே சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று பொடியை நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கி விழக்கூடும். எதைச் சாப்பிட்டார் என்று கேட்கும் அவசரப் பிரிவு மருத்துவரிடம், மூலிகைதான் என்று வீட்டார் சொல்வார்கள். இதில் பழி சித்த மருத்துவத்தின் மீது விழுகிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் ஐந்தாண்டுக்கு மேல் படித்து, அரசு மருத்துவமனைகளில் நோயாளியின் நாடி பிடித்துப் பார்க்கும் சித்த மருத்துவர்களுக்கு இந்த வியாபாரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியும் இது.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. கொரோனாக் காலத்தில் பதஞ்சலி நிறுவனம் கொரோனில் என்ற மாத்திரையை அறிமுகப்படுத்தியபோது, சென்னை நிறுவனம் ஒன்று அந்தப் பெயர் 1993 முதல் தன் தொழிற்சாலைத் துப்புரவுப் பொருளின் வணிகப் பெயர் என்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2020 ஆகஸ்டில் நீதிபதி சி.வி. கார்த்திகேயன் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மக்களின் அச்சத்தைப் பயன்படுத்திப் பணம் பார்ப்பதாகக் கண்டித்து, 10 லட்சம் ரூபாய் செலவுத் தொகையை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரிக்கும் சரிபாதியாகக் கொடுக்கச் சொன்னார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. 2022இல் இந்திய மருத்துவச் சங்கம் அதே நிறுவனத்தின் விளம்பரங்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் சென்றது. 2024இல் நீதிபதிகள் ஹிமா கோலி, அசானுதீன் அமானுல்லா அமர்வு விளம்பரங்களுக்குத் தடை விதித்து, அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பி, நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட வைத்தது.

பிறகு நடந்தது கவலை தருகிறது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்து விளம்பரத்துக்கு முன்கூட்டியே மாநில அதிகாரியிடம் எண் வாங்க வேண்டும் என்றது மருந்து விதிகளின் 170ஆம் விதி. 2018இல் வந்த அந்த விதியை 2024 ஜூலையில் மத்திய ஆயுஷ் அமைச்சகம் நீக்கியது. உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்துவைக்கப்பட்டபோது நீக்கத்துக்கு இருந்த அந்தத் தடையும் போய்விட்டது. இனி முன் அனுமதி கிடையாது. மிச்சமிருப்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம்தான். வழக்குப் போட்டால்தான் அதற்கு உயிர்.

போட முடியும் என்று பக்கத்து மாநிலம் காட்டியிருக்கிறது. கண்ணூரைச் சேர்ந்த கண் மருத்துவர் கே.வி. பாபு தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் புகார்கள் மூலமாகவும் ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடர்ந்தார். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பதஞ்சலியைச் சேர்ந்த திவ்யா ஃபார்மசி மீது 1954 சட்டப்படி நீதிமன்றங்களில் வழக்குகள் தொடுத்தது. தாராபுரத்திலிருந்து பொள்ளாச்சி வழியாக எட்டிவிடும் தொலைவில் உள்ள பாலக்காட்டு நீதிமன்றம், ஆஜராகாததற்காக 2025 ஜனவரியில் வாரண்ட் பிறப்பித்தது. வாரண்ட் என்பது தண்டனை அல்ல. ஆனால் ஒரு மாநிலத்தின் மருந்து ஆய்வாளர்கள் மனம் வைத்தால் இந்தச் சட்டம் நகரும் என்பதற்கு அது போதும். தமிழ்நாட்டிலும் அதே சட்டம்தான் இருக்கிறது.

திருப்பூர் வட்டாரத்து உழைப்பாளிகள் ஏன் திரையில் வரும் எண்ணை அழைக்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒருநாள் மருத்துவமனை என்றால் ஒருநாள் கூலி இல்லை. பவர் டேபிளில் குனிந்தே இருக்கும் கழுத்துக்கும், நாள் முழுக்க நின்று செக்கிங் பார்க்கும் காலுக்கும் இரவில்தான் வலி தெரியும். இரவில் எடுத்துப் பேசுவது அந்த எண்தான். மெடிக்கலில் கேட்டால் காகிதத்தில் மடித்துச் செட் மாத்திரை தருவார்கள். எதில் என்ன இருக்கிறது என்று அதில் எழுதியிருக்காது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசியது. மாதவிடாய் வலிக்கு வேலையிடத்தில் பெயரில்லாத மாத்திரை தரப்படுவதாக அவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவை ஐபுபுரோஃபன் வகை என்று மருத்துவர்கள் அடையாளம் கண்டார்கள். கருப்பையைச் சுருக்கி வலி தருவதும் முன்பு சொன்ன புரோஸ்டாகிளாண்டின்தான் என்பதால் அந்த மாத்திரை பொருத்தமான மருந்துதான். எத்தனை சாப்பிடலாம், யார் சாப்பிடக் கூடாது என்று சொல்ல ஆளில்லாமல் மாதாமாதம் கையில் திணிப்பதுதான் தவறு. பாதி நேர விடுப்பும் ஒரு செவிலியரும் அந்தப் பெண்களுக்கு மாத்திரையைவிட அதிகம் உதவியிருக்கும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அந்தப் பணியாளர் வரும் நேரத்தில் வீட்டில் ஆளில்லாத பனியன் தொழிலாளிகளை எட்டும்படி எல்லாக் கம்பெனி வாசலுக்கும் இரவு நேரத்துக்கும் அது நீள வேண்டும். டப்பா வியாபாரத்துக்கு அதைவிட வலுவான எதிரி இருக்க முடியாது.

இத்தகைய விளம்பரங்களைப் பற்றி மக்கள் புகார் செய்ய ஒவ்வொரு மாநிலமும் இரண்டு மாதத்துக்குள் வழி செய்ய வேண்டும் என்று 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே, அடுத்த முறை சுகரைக் குணப்படுத்துவதாக ஒரு டப்பா திரையில் வந்தால், சேனலின் பெயர், தேதி, நேரம் குறித்து, திரையைக் கைபேசியில் படம் பிடித்து, 1954 சட்டத்தைக் குறிப்பிட்டு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டு உடம்பு கெட்டிருந்தால், டப்பாவைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்துப் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பெரியவர்கள் எழுதிய துண்டுத் தாள் கையில் இருந்தால், அவர்களைத் திட்ட வேண்டாம். தாராபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் இன்சுலினையோ சுகர் மாத்திரையையோ ஒருநாள்கூட நிறுத்த விடாதீர்கள்.